எங்கள் கிளினிக்கில் ஒரு சம்பளப் பேச்சு

பொங்கல் முடிந்த வாரம் எங்கள் கிளினிக்கில் ஓர் இன்டர்வியூ நடந்தது. வேலைக்கு வந்தது ஒரு பெண் டாக்டர். வேலை கொடுக்க உட்கார்ந்திருந்தது என் வீட்டுக்காரர். ஆனால் கேள்வி கேட்டது முழுக்க அந்தப் பெண்தான். பதில் சொல்லத் திணறியது இவர்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். பின்னே? கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்க நினைத்து, கேட்காமலே விட்ட கேள்விகளை இன்னொருத்தி வந்து கேட்டால் ரசிக்காமல் என்ன செய்வது!

இந்தப் பத்தியை இதழ்தோறும் விடாமல் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரை நன்றாகவே தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. நான் எழுதுகிற நேரம் போக, கிளினிக்கின் வரவு செலவும் என் தலையில்தான். ஆகவே குழந்தை டாக்டரின் வருமானத்தைப் பற்றிப் பேச அவரைவிட எனக்குத் தகுதி அதிகம். தன் சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

டாக்டர் என்றாலே பணம் கொட்டுகிறது என்று ஒரு நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. கொட்டுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இவரோடு ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவர் இன்றைக்குத் திருச்சியில் தோல் டாக்டர். சாயங்காலமானால் ஷட்டில் விளையாடப் போகிறார். முகத்தில் பரு வந்துவிட்டது என்று யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

குழந்தை டாக்டர் கதையே வேறு. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது போனில் ஒரு படம் வரும். குழந்தை போன மலத்தின் படம். 'இந்தக் கலர்ல போகுதுங்க டாக்டர், பரவாயில்லையா?' அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்புக் குழம்பு என்று வையுங்கள்... வேண்டாம், விடுங்கள்.

இவர் கையில் ஆபரேஷன் கிடையாது, ஸ்கேன் மெஷின் கிடையாது. எழுதுகிற மருந்து அரை ஸ்பூன். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றால் 'இத்துனூண்டு பிள்ளைக்கு ரத்தமா?' என்று பெற்றவர்கள் முதலில் அழுவார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்ந்து காய்ச்சல் வந்தால் ஒரு ஃபீஸ்தான். 'ஒரே காய்ச்சல்தானேங்க!' ஆவுடையார்கோவிலில் இருந்து வந்த ஒருவர், பஸ்ஸில் சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கெட் என்ற நியாயத்தைக் கவுண்டரில் என்னிடமே எடுத்து வைத்தார். சிரிப்பு வந்துவிட்டது. பாதிதான் வாங்கினேன்.

மழைக்காலத்தில் கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும். சித்திரையில் ஈ ஓட்டலாம். ஆனால் நர்ஸுகளின் சம்பளமும், தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கான கரண்ட் பில்லும் சித்திரை பார்த்துக் குறைவதில்லையே!

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. சொந்த வீடு இருக்கிறது. மகன் பெங்களூருவில் படிக்கிறான். கார் ஓடுகிறது. எங்கள் வீட்டில் குறை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்... மனிதருக்குத் தூக்கம் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், நல்ல கூட்டம். ஒரு குழந்தையின் தொண்டையைப் பார்க்க நாற்காலியிலிருந்து எழுந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் சொருகிவிட்டது. நர்ஸ் போட்ட சத்தத்தில் நான் கவுண்டரை விட்டு ஓடினேன். அந்தக் குழந்தையின் அம்மா ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் இவர் தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

திருச்சிக்குக் கூட்டிப்போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். இதயம் நன்றாக இருந்தது. சர்க்கரை இல்லை. பிரஷரும் சரி. கடைசியில் அங்கே பார்த்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார் — கடைசியாக எப்போது லீவு எடுத்தீர்கள்? இவர் என்னைப் பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்கு என்றேன். டாக்டர் சிரித்தார். நான் ஜோக் சொல்லவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இவருக்கு அழைப்பு வந்தது. மாதச் சம்பளம். ஷிஃப்ட் முறை. வாரத்தில் ஒரு நாள் லீவு. போய்விடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சித்திரைக்குள் கிளினிக்கில் இன்னொரு குழந்தை டாக்டர் சேர்ந்தால் இங்கேயே இருப்பது. யாரும் வராவிட்டால் கதவைப் பூட்டிவிட்டுத் திருச்சிக்குப் போவது.

டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் தகவல் போட்டோம். பதில்? ஒன்றும் வரவில்லை. கோவையிலிருந்து ஒரே ஒருவர் பேசினார். ஊரில் நல்ல அபார்ட்மென்ட் இருக்கிறதா, இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கிறதா என்று விசாரித்தார். நான் உள்ளதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் ஜெனிட்டா வந்தார்.

ஆவூர்ப் பெண். அப்பா அந்தோணிசாமி, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெனிட்டா குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்து, சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தார். சென்னைக்காரர்கள் சம்பளத்தை உயர்த்தித் தருகிறோம், சீக்கிரம் திரும்பி வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்டர்வியூவுக்கு வருகிறேன். சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்பதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. அப்புறம் கேட்டதெல்லாம் வேறு மாதிரி. ஒரு குழந்தையைப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் யார் எடுப்பது? வருடா வருடம் சம்பளம் உயருமா, இல்லை நீங்கள் நினைத்தால்தான் உயருமா? இவர் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டார்.

"இன்னும் இருபது வருஷத்துல இந்த ஊர்ல பிள்ளைங்க இருப்பாங்களா சார்? ஸ்கூல்ல எல்லாம் சேர ஆள் இல்லைன்னு எங்கப்பா சொல்றாங்க."

இவர் முதல்முறையாகத் திணறாமல் பதில் சொன்னார். "கொறைஞ்சுதான் போகும்மா. ஆனா ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கவங்க ஒரு தும்மலுக்கே ஓடி வாராங்க. வேலை கொறையாது."

ஜெனிட்டா சிரித்துவிட்டார். ஆரம்பத்தில் சம்பளத்தைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. சென்னையில் வாங்குவதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது எங்கள் தொகை. எங்களால் முடிந்தது அவ்வளவுதான். அவர் முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நாள் வந்து பார்க்கிறேன், அப்புறம் முடிவு சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார்.

வெளியே அந்தோணிசாமி சார் டீயோடு உட்கார்ந்திருந்தார். மகள் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். எம்.டி. நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வந்ததாம். ரேடியாலஜி கிடைத்திருக்குமாம். ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற படிப்பு, குளிரூட்டிய அறை, கைநிறையச் சம்பளம். மகள் அதை விட்டுவிட்டுக் குழந்தை மருத்துவத்தை எடுத்துவிட்டார்.

"பிள்ளைங்களைப் பிடிக்கும்னா கல்யாணம் பண்ணிப் பெத்துக்க வேண்டியதுதானே, அதுக்கு ஒரு படிப்பான்னு கேட்டுட்டேன் மேடம். கொஞ்ச நாள் பேசாமகூட இருந்தேன். இப்பயும் அவளோட படிச்சவங்க வாங்குற சம்பளத்தைக் கேள்விப்பட்டா வயிறு எரியத்தான் செய்யுது."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் மகன் டாக்டருக்குப் படிக்க மாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு நான் ரகசியமாக நிம்மதிப்பட்டவள்தானே?

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஜெனிட்டா வர ஆரம்பித்தார். வந்த வேகத்தில் ஒன்று புரிந்துவிட்டது. அவர் ரொம்ப மெதுவு!

இவர் ஒரு வரிசையையே பார்த்து முடிக்கிற நேரத்தில் அவர் ஒரு குழந்தையைத்தான் பார்த்து முடிப்பார். சளி என்று வந்த பிள்ளையின் சட்டையையும் கழற்றச் சொல்வார். தலையிலிருந்து கால் விரல் வரை தடவிப் பார்ப்பார். அம்மாக்களை உட்கார வைத்து, நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்பார். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். குளத்தூரிலிருந்து வழக்கமாக வருகிற ஒருவர், "அங்கிட்டு வேணாம்மா, நம்ம டாக்டருக்கே டோக்கன் குடுங்க. அந்தப் பொண்ணு பிள்ளையத் துணி அவுத்து வச்சே நேரத்தை ஓட்டுது" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். இவர் பக்கம் கூட்டம் அப்படியே நிற்க, அந்தப் பக்கம் நாற்காலிகள் காலி. இதற்கா ஒரு டாக்டர்? சம்பளம் கட்டுப்படியாகுமா? திருச்சியில் வாடகை வீடு பார்க்கிற வேலையை நான் மனசுக்குள் ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வார நடுவில் ஒரு நாள் சாயங்காலம், குடுமியான்மலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முருகேசன், கவிதா என்று ஒரு தம்பதி வந்தார்கள். முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஆண் குழந்தை. பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சரியாகப் பால் குடிக்கவில்லை என்று தூக்கி வந்திருந்தார்கள். அன்றைக்கு நல்ல கூட்டம். இவர் எடை பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். காய்ச்சல் இல்லை. அடிக்கடி பால் கொடுங்கள், காலையில் கொண்டுவந்து காட்டுங்கள் என்று அனுப்பினார்.

மறுநாள் காலை வந்தார்கள். இவருடைய வரிசை நீளமாக இருந்தது. கவிதாவால் நிற்க முடியவில்லை, பிரசவித்த உடம்பு. நான்தான் அந்த அறை காலியாக இருக்கிறது, சின்ன டாக்டரிடம் போங்கள் என்றேன். முருகேசனுக்கு இஷ்டமில்லை. கவிதா எழுந்து போய்விட்டார்.

கதவு திறந்திருந்தது. எனக்குத் தெரிந்தது. ஜெனிட்டா குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். தொடை இடுக்கில் விரலை வைத்தார். மறுபக்கத்தில் வைத்தார். குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் தொடையில். பிறகு எழுந்து இவர் அறைக்கு வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார்.

"சார், ஒரு நிமிஷம் வாங்க. கால்ல நாடி கிடைக்கல."

இவர் கையிலிருந்த டார்ச்சை அணைக்கக்கூட இல்லை. அப்படியே போனார். அதே இடத்தில் விரலை வைத்தார். அந்த முகத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிப் பழகிய விரல்கள் அந்தச் சின்னத் தொடையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன.

அப்புறம் இவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்திலிருந்து உடம்பின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் அந்தக் குழந்தைக்கு ஓரிடத்தில் குறுகியிருந்தது. பிறந்த சில நாள்களுக்கு, கருவில் இருந்தபோது திறந்திருந்த ஒரு சின்ன வழி அதை ஈடுகட்டும். அந்த வழி எல்லாக் குழந்தைகளுக்கும் தானாக மூடிவிடும். இந்தக் குழந்தைக்கு மூடினால் கீழே ரத்தம் போகாது. அன்று காலை அது மூடிக்கொண்டிருந்தது. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்காது.

அப்போது எங்களுக்குள் நீண்ட பேச்சே இல்லை. ஜெனிட்டா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போன் செய்து, அந்த வழியை மூடவிடாமல் வைக்கிற மருந்தைத் தயாராக எடுத்து வைக்கச் சொன்னார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் கவிதா. இவர் காரை எடுத்தார். முன் சீட்டில் முருகேசன், எதுவும் புரியாமல், கையைக் கூப்பிக்கொண்டே போனார்.

நான் மட்டும் கூட்டத்தின் நடுவில் நின்றேன். ஒரு குழந்தைக்கு அவசரம், டாக்டர்கள் வரத் தாமதமாகும் என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. முன்பு முணுமுணுத்த அதே குளத்தூர்க்காரர், அன்றைக்கும் வந்திருந்தவர், "நாங்க இருக்கோம்மா, அந்தப் பிள்ளை மொதல்ல பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மருந்து ஏறியது. மதியத்துக்குள் காலில் மெல்ல நாடி திரும்பியது. ஜெனிட்டா தன்னுடைய பழைய சென்னை நண்பர்களிடம் பேசி, அங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். சாயங்காலம் ஆம்புலன்ஸ் கிளம்பியது. செலவு காப்பீட்டுத் திட்டத்தில் போயிற்று.

வீட்டுக்கு வந்தும் இவர் சாப்பிடவில்லை. தட்டில் சாதம் ஆறிப்போனது. எதிரே ஜெனிட்டாவும் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து அந்தப் பிள்ளைய நான் பார்த்தேன் ஜெனிட்டா" என்றார்.

"நேத்து நாடி இருந்திருக்கும் சார். இது திடீர்னு மூடுறது. நேத்து நானே பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

"இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். நான் தொட்டுப் பார்க்கல. அதுதான் விஷயம்."

ஜெனிட்டா சமாதானம் சொல்லவில்லை. "தொட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்தான் சார் ஆகும். அந்த ஒரு நிமிஷம் ஒங்ககிட்ட இல்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இவர் தலையை ஆட்டினார். தட்டை இழுத்துச் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

இனி என்ன? ஒரு குழந்தையைக் காப்பாற்றிய நெகிழ்ச்சியில் இந்தப் பெண் 'சம்பளமெல்லாம் பெரிதில்லை சார், சேவைதான் முக்கியம்' என்று சொல்லிவிடுவார், நாம் சொன்ன தொகைக்கே சேர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கதைகளில் அப்படித்தானே நடக்கும்?

மறுநாள் காலை ஜெனிட்டா வந்து உட்கார்ந்தார். இங்கேயே இருக்க ஆசை என்றார். ஆனால் சம்பளத்துக்கு வர மாட்டேன், பங்குக்குத்தான் வருவேன் என்றார்! கிளினிக்கில் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வது. டோக்கனுக்குப் பதில் நேரம் குறித்துக் கொடுப்பது. பிறந்த குழந்தை என்றால் இரண்டு மடங்கு நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபீஸை உயர்த்துவது.

அங்கேதான் இவர் முறுக்கிக்கொண்டார். நூற்றைம்பது ரூபாய் ஃபீஸ் என்பது அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு கொள்கை. எத்தனை வருடமாக நான் சொல்லியும் அசையாத கொள்கை. "நம்ம சனங்க எங்கிட்டும்மா போவாங்க?" என்றார்.

"இப்ப அவங்க குடுக்குற காசுக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைக்குது சார். நஷ்டம் அவங்களுக்குத்தான்" என்றார் ஜெனிட்டா. "இல்லாதவங்ககிட்ட வாங்கவே வேணாம். ஆனா இருக்கறவங்களுக்கும் சேர்த்து நீங்க எதுக்குத் தூக்கத்தை விடணும்?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் என்னவோ உடைந்த மாதிரி இருந்தது. நாம் எல்லோருமே இப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம், இல்லையா? 'ரொம்ப நல்ல டாக்டர், அம்பது ரூபாய்தான் வாங்குவார்.' 'கைராசிக்காரர், காசே கேட்க மாட்டார்.' நல்லவர் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரே அடையாளம் குறைவாக வாங்குவது. குறைவாக வாங்குகிறவர் அதை எங்கே ஈடுகட்டுகிறார் என்று நாம் கேட்பதே இல்லை. தன் தூக்கத்தில் ஈடுகட்டுகிறார். அது போதாமல் போனால் நம் பிள்ளைக்குத் தர வேண்டிய நேரத்தில் ஈடுகட்டுகிறார். ஒரு குழந்தை டாக்டருக்கு வேறு என்னதான் சரக்கு இருக்கிறது? நேரம்தான் சரக்கு. அதைப் பாதி விலைக்குக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

இவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு சரி என்றார். திருச்சி ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மகள் சென்னைக்குத் திரும்பப் போவதில்லை என்று கேள்விப்பட்டதும் அந்தோணிசாமி சார் ஸ்கூட்டரில் நேராக என்னிடம் வந்தார். பங்கு என்றால் என்ன வரும் என்று கேட்டார். வாத்தியார் அல்லவா, சுற்றி வளைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை. முதல் வருடம் சென்னையைவிடக் குறைவுதான்; கிளினிக் நன்றாகப் போனால் மூன்றாவது வருடம் பக்கத்தில் வரலாம்; ரேடியாலஜி படித்தவர்களை எட்டிப் பிடிப்பது என்றைக்கும் நடக்காது என்றேன். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு லீவு உண்டா என்று கேட்டார். ஒன்று விட்டு ஒன்று உண்டு என்றேன்.

"சென்னையில இருந்தப்ப கிறிஸ்துமஸுக்குக்கூட அவ வந்ததில்ல மேடம்" என்றார். அவ்வளவுதான். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை முடிந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'என் மகள் கிளினிக்கில் பார்ட்னர்' என்று சொன்னாராம். ஜெனிட்டாதான் வெட்கத்தோடு வந்து சொன்னார்.

மாசியில் புது போர்டு வைத்தோம். புது ஃபீஸ், நேரம் குறிக்க ஒரு போன் நம்பர், பணம் இல்லாதவர்கள் கவுண்டரில் சொல்லலாம் என்று கீழே ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நாளைக்கு ஊரே வந்து இல்லை என்று சொல்லப்போகிறது என்று நான் பயந்தேன். நடக்கவில்லை. உண்மையிலேயே இல்லாதவர்கள்தான் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போனார்கள். அவர்களில் பலர் பங்குனிக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஜெனிட்டாவின் அறைக்கு முன்னால் இப்போது நாற்காலி காலியாக இருப்பதில்லை. சின்ன டாக்டரம்மா பார்த்தால்தான் ஆகும் என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு. இவருக்கு அதில் கொஞ்சம் பொறாமை என்பது என் சந்தேகம்.

சித்திரை வந்தது, போயிற்று. கிளினிக்கைப் பூட்டவில்லை.

லீவு நாளில் என்ன செய்வது என்று மட்டும் மனிதருக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் ஞாயிறு தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார். அடுத்த லீவில் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கோயில் பாறையில் இருக்கிற இசைக் கல்வெட்டைப் பார்க்கத்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் ஊசி போட்டவர், கோயிலுக்குள் அன்றைக்குத்தான் முதன்முறையாக நுழைகிறார். கல்வெட்டின் முன்னால் வெகு நேரம் நின்றார். ஓர் எழுத்தும் புரியவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

போன வாரம் முருகேசனும் கவிதாவும் வந்தார்கள்.

குழந்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சென்னையில் செக்கப்பும் முடிந்து, ஊர் திரும்பியிருந்தார்கள். முதுகின் பக்கவாட்டில் மெல்லிய தழும்பு. கன்னம் இரண்டும் பொதபொதவென்று. முருகேசன் வாசலிலேயே, இரண்டு டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இவர் ஒரு பக்கம், ஜெனிட்டா ஒரு பக்கம் நின்றார்கள். இவர் வேறு எதையும் பார்க்கவில்லை. தொடையில் விரலை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. போதும் சார் என்று ஜெனிட்டாதான் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கினார்.

தூக்கினாரா... அவ்வளவுதான்! அவருடைய புதுச் சேலையில் தோளிலிருந்து கொசுவம் வரை நனைத்துவிட்டான். கவிதா பதறிப்போய் முந்தானையோடு ஓடிவந்தார். ஜெனிட்டா தடுத்துவிட்டார்.

"விடுங்கக்கா. ரத்தம் கீழ வரைக்கும் ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தம்."

முருகேசன் அப்படிச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இவரும் சிரித்தார். இதற்கெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலும் சம்பளம் போட்டுத் தர முடியாது, வாஸ்தவம்தான்.

ஆனால் சம்பளம் ஒழுங்காக வருகிற டாக்டர்தான் இதைச் சிரித்துக்கொண்டே துடைப்பார் என்பதும் வாஸ்தவம்.